சார்ல்ஸ்டனின் பின்கட்டு

உள்ளங்கையில் அடங்குகிற கூடைக்கே அறுபது டாலர் சொன்னார் அந்த அம்மாள். கொஞ்சம் பெரியது என்றால் முந்நூறு, நானூறு. சார்ல்ஸ்டன் சந்தையின் செங்கல் வளைவுகளுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து கூடை தைக்கும் கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். விலையைக் கேட்டதும் இவர், என் கணவர், என்னைப் பார்த்தார். 'கிளம்பு' என்று அர்த்தம். நான் கிளம்பவில்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது. அகலமான, ஆழமில்லாத வட்டத் தட்டு. விளிம்பு மட்டும் லேசாக உயர்ந்திருந்தது.

எடுக்கலாமா என்று ஜாடையில் கேட்டு, கையில் வாங்கி, நாலு தரம் புடைத்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுவேதானாம். குத்திய நெல்லிலிருந்து உமியைப் பிரிக்கிற கூடை. "ஃபேனர்" என்று பெயர். நம் முறம் மூங்கிலில் முடைந்தது, ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். இது கோரையைச் சுருள் சுருளாகச் சுற்றி, பனையோலை போன்ற ஒரு கீற்றால் தைத்தது. ஊசிக்குப் பதில், தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பு. செய்கிற முறை வேறு; மணிக்கட்டின் வேலை ஒன்றுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வித்தை இது. 300 வருஷமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2006-ல் தெற்குக் கரோலினா மாநிலம் இதைத் தன் மாநிலக் கைவினையாக அறிவித்தது. இப்போது அலங்காரக் கூடைகளுக்குக் கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால் வளரும் மெல்லிய வாசனைப் புல்தான் முக்கியம். அந்தக் கரையெல்லாம் ஓய்வு விடுதிகளும் வேலிபோட்ட குடியிருப்புகளும் ஆகிவிட்டதால் புல் அறுக்கப் போக வழியில்லை. அதைக் கேட்டபின் அறுபது டாலர் அதிகமாகத் தெரியவில்லை. இவருக்கு அப்போதும் அதிகமாகத்தான் தெரிந்தது.

எங்கள் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். அங்கிருந்து ஐந்து மணி நேர ஓட்டம். "அழகான ஊர், நிதானமாப் பாத்துட்டு வாங்க" என்று விடுதி பதிவு செய்து கொண்டுவந்து விட்டுப் போய்விட்டான். செப்டம்பர் தொடக்கம், நாகப்பட்டினத்து வெயிலும் பிசுபிசுப்பும் அப்படியே இருந்தன. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இவர் பொதுப்பணித்துறையில் டெல்டாவின் கடைமடைப் பகுதிகளிலேயே காலம் கழித்தவர். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்க்குமுன் சாக்கடையைப் பார்ப்பார். இந்த ஊருக்கு அது பொருத்தமான கண் என்று பிறகு தெரிந்தது.

ஆஷ்லி, கூப்பர் என்று இரண்டு ஆறுகள். நடுவே நாக்குப் போல நீளும் நிலம். இந்த இரண்டு ஆறும் சேர்ந்துதான் அட்லாண்டிக் கடலே உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள், பாதி விளையாட்டாக. ஆங்கிலேயர்கள் 1670-ல் ஆஷ்லியின் அக்கரையில் குடியேறி, பத்து வருஷத்தில் இந்த நாக்குக்கு இடம் மாறினார்கள். அரசர் இரண்டாம் சார்ல்ஸின் பெயரில் சார்ல்ஸ் டவுன். சுதந்திரத்துக்குப் பின் 1783-ல் சார்ல்ஸ்டன். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் நெல் பிடிபட்டது. அதன்பின் இது அரிசி ஊர். அந்த வயல்களுக்காக ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1708 வாக்கிலேயே இந்தக் காலனியில் வெள்ளையரைவிடக் கறுப்பர் தொகை கூடிவிட்டது.

இங்கே நடந்தே பார்க்க வேண்டும். குதிரை வண்டிகளும் உண்டு. ஒரே தெருவில் எல்லா வண்டியும் குவியாமலிருக்க, எந்த வண்டி எந்தப் பாதையில் போவது என்று நகராட்சி குலுக்கல் போட்டு முடிவு செய்கிறது. குதிரை தெருவில் சிறுநீர் கழித்தால் வண்டிக்காரர் அங்கே ஓர் அடையாளக் கொடியைப் போட்டுவிட்டுப் போவார். பின்னாலேயே கழுவுகிற வண்டி வரும். இவர் அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் நகராட்சிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வழிகாட்டியுடன் ஒரு சிறு கும்பலாகக் கிளம்பினோம். கிழக்கு வளைகுடாத் தெருவில் 'வானவில் வரிசை' என்கிற 13 வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், கடல்பச்சை. எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம். நாங்களும் எடுத்தோம். கீழே கடை, மேலே வீடு என்று வணிகர்கள் வாழ்ந்த கட்டடங்கள் இவை. உள்நாட்டுப் போருக்குப் பின் சேரி போல் கிடந்தனவாம். 1930களில் ஒரு பெண்மணி இங்கே வீடு வாங்கிப் பழுதுபார்த்து வெளிர்நிறம் பூச, மற்றவர்கள் பின்பற்றினார்கள். பழைய வீடுகளை இஷ்டத்துக்கு இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்ட நகரம் இது, வருஷம் 1931. ஆனால் அதற்கு முன் அறுபது எழுபது வருஷம் இந்த வீடுகளைக் காப்பாற்றியது வறுமை. போரில் தோற்று, அடிமைமுறையும் ஒழிந்தபின், இடித்துப் புதிதாகக் கட்ட இவர்களிடம் காசில்லை. அதனால்தான் ஊர் அப்படியே நின்றது.

சார்ல்ஸ்டன் வீட்டுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. ஒரே ஓர் அறை அகலம்; அந்தக் குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, உடம்பை உள்ளே நீட்டிப் படுத்திருக்கும். பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் தாழ்வாரம், மாடியிலும் அப்படியே. கடற்காற்று எந்தத் திசையில் வருமோ அந்தப் பக்கம் பார்த்தது. தெருவில் இருக்கிற வாசல்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம். வெயிலூரில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் என்று தோன்றியது. சில வீடுகளின் சுவரில் இரும்புத் தட்டுகள், நட்சத்திரமாகவும் வட்டமாகவும் பதிந்திருந்தன. 1886 ஆகஸ்ட் 31 இரவு பெரிய நிலநடுக்கம் வந்தபோது விலகிய சுவர்களை, வீட்டின் குறுக்கே இரும்புக் கம்பி கோத்து, இரு பக்கமும் தட்டு வைத்து முடுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வழிகாட்டி அதைச் சொல்லி முடிக்குமுன் இவர் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்கப் போய்விட்டார்.

வழிகாட்டியின் வாயிலிருந்து அடுத்தடுத்து வந்த வாக்கியம் ஒன்றுதான்: இந்த வீட்டை இன்ன வருஷம் இன்னார் கட்டினார். நீதிபதி கட்டினார், தோட்ட முதலாளி கட்டினார், கப்பல் வியாபாரி கட்டினார். ஐந்தாறு வீடு தாண்டியதும் இவர் பொறுக்கமுடியாமல், "கொத்தனார் யாரு?" என்று கேட்டார். நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். வழிகாட்டி கொஞ்சம் யோசித்து, எங்களை ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், பழைய மதில் ஒன்றில் முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல்லைக் காட்டினார். அதில் மூன்று சின்னக் குழிகள். ஈரச் செங்கல்லைத் திருப்பிப் போடும்போது பதிந்த விரல்கள். அளவைப் பார்த்தாலே குழந்தை விரல் என்று தெரிகிறது. ஆற்றங்கரைச் சூளைகளில் அறுத்த செங்கல். அறுத்தவர்கள் அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். ஊர் முழுக்க இந்தக் கல் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்றார்.

அதன்பின் நாங்கள் வீடுகளை அண்ணாந்து பார்ப்பது குறைந்துபோயிற்று.

நாக்கின் நுனிக்கு வந்தால் 'பேட்டரி'. பீரங்கிகள், ஓக் மரங்கள், மதில்மேல் நடைபாதை. எதிரே கடலில் கோடு போல் சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 விடியுமுன் அதன்மேல் விழுந்த குண்டில்தான் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஊர்க்காரர்கள் இந்த வீடுகளின் கூரைமேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். கோட்டைக்குப் படகு போகிறது, நாங்கள் போகவில்லை. பேட்டரியில் நின்று பார்க்கும்போது எனக்கு அந்தக் குண்டைவிட ராபர்ட் ஸ்மால்ஸ்தான் பெரியவராகத் தெரிந்தார்.

23 வயது அடிமை. 'பிளான்டர்' என்ற தென்மாநிலப் படைக் கப்பலை ஓட்டத் தெரிந்தவர். 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் இரவு தங்கக் கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் மறைந்திருந்த மனைவி மக்களையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கேப்டனைப் போலவே கைகட்டி நின்று, ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் சரியான ஊதல் குறியைக் கொடுத்தார். சம்டரைக் கடந்ததும் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கொடியாக ஏற்றி, வடக்குப் படைக் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 16 பேர் விடுதலை. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். பியூஃபோர்ட் ஊரில் தன்னை வைத்திருந்த எஜமானரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். இவ்வளவு சினிமா ஒரே ஆளின் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. ஆனால் பேட்டரியில் அந்தப் போரின் நினைவாக நிற்பது தென்மாநிலப் படையைப் போற்றுகிற சிலை.

சாமர்ஸ் தெரு உருளைக் கற்கள் பாவியது, செருப்பு வழுக்குகிறது. பாரத்துக்காகக் கப்பல் அடியில் போட்டுக்கொண்டு வந்த கற்களாம். அங்கே கோட்டை வாசல் மாதிரி வளைவோடு ஒரு கட்டடம்: பழைய அடிமைச் சந்தை. ஊரின் பெரிய சந்தைக் கூடத்தில்தான் மனிதர்களை விற்றார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே விற்றது காய்கறியும் மீனும் இறைச்சியும். மனிதர்களை விற்றது துறைமுகத்தருகே தெருவில். 1856-ல் தெருவில் வைத்து விற்கக் கூடாது என்று நகராட்சி விதித்தது. விற்பனை நிற்கவில்லை, உள்ளே நகர்ந்தது. அப்படி வந்தவற்றில் ஒன்று இந்த இடம். இப்போது நிற்பது ஏலக்கூடம் மட்டும். இதற்குப் பின்னால் நாலு மாடிச் சிறை, சமையற்கட்டு, பிணவறை எல்லாம் இருந்தன. கடைசி ஏலம் 1863-ல்.

உள்ளே பொருள் அதிகமில்லை. எழுத்துப் பலகைகள்தான். விற்பதற்கு முன் உடம்பில் எண்ணெய் பூசுவார்கள், நரையைக் கறுப்பாக்குவார்கள், நன்றாகச் சாப்பாடு போட்டுச் சதை ஏற்றுவார்கள் என்று ஒரு பலகையில் படித்தபோது இவர், "மாட்டுச் சந்தை" என்று மட்டும் சொன்னார். கூட்டம் அங்கே பேசிக்கொள்ளவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சிறிய கடை. இறாலும் மக்காச்சோளக் குருணைக் கஞ்சியும் எனக்கு. சார்ல்ஸ்டன் என்றால் முதலில் சொல்லும் சாப்பாடு. வெண்ணெய் மிதக்கிறது, நன்றாகத்தான் இருந்தது. இவர் சில வருஷமாக மாமிசத்தை விட்டுவிட்டார். சாப்பாட்டுப் பட்டியலில் வெண்டைக்காய், தட்டைப்பயறு, தக்காளிச் சோறு எல்லாம் பார்த்து முகம் மலர்ந்தது. விசாரித்தால் ஒவ்வொன்றிலும் பன்றிக்கொழுப்பு. கடைசியில் வறுத்த வெண்டைக்காயும் வெறும் சோறும் கிடைத்தன. நான் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டைப்பயறும் அரிசியும் சேர்த்துச் சமைப்பது புத்தாண்டன்று கட்டாயம் சாப்பிட வேண்டிய சோறு. தக்காளிச் சோற்றுக்குச் செனகல், கானா பக்கத்தில் உறவுக்காரர் உண்டு. வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சாப்பாட்டுக்குப் பின் கொடுத்த மெல்லிய பிஸ்கட்டில் எள். எள் முதலில் பயிரானது நம் துணைக்கண்டத்தில். அது ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பலில் இந்தக் கரைக்கு வந்து, அடிமைகள் தங்கள் குடிசைக்குப் பின்னால் விதைத்த பயிராக நிலைத்திருக்கிறது. தென்மாநிலச் சமையல் என்று இன்று பெருமையாகப் பேசப்படுவது அந்தக் குடிசைத் தோட்டங்களின் சமையல்தான். வெள்ளையர் மாளிகைகளின் அடுப்படியில் நின்றவர்கள் வேறு யார்?

அந்த அடுப்படியைப் பார்க்கத்தான் எலிசபெத் தெருவுக்குப் போனோம். 1820-ல் கட்டிய ஏக்கன்-ரெட் மாளிகை. தெற்குக் கரோலினாவின் ஆளுநராக இருந்த வில்லியம் ஏக்கன் வாழ்ந்த வீடு. ஜெஹோசி தீவு முழுக்க அவருடைய நெல் தோட்டம். அங்கே ஏறத்தாழ 700 அடிமைகள். மற்ற மாளிகைகளைப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். இதை எப்படிக் கிடைத்ததோ அப்படியே காக்கிறார்கள். முன்கூடத்தில் பளிங்குப் படிகள், கிழிந்து தொங்கும் சுவர்த்தாள், ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்த சிலைகள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி சொல்லச் சொல்லப் பின்பக்கம் இறங்கினால், உயரமான மதில் சூழ்ந்த பெரிய கொல்லை. ஒரு பக்கம் சமையற்கட்டும் சலவைக்கூடமும். எதிர்ப்பக்கம் குதிரை லாயம். இரண்டின் மேல்மாடியிலும் அடிமைகள் படுத்த அறைகள். சின்னச் சின்ன அறை, சிலவற்றில் கணப்பு. சன்னல்கள் எல்லாம் கொல்லையைப் பார்த்தவை. தெருவைப் பார்க்க ஒன்றுகூட இல்லை. எஜமானியம்மாள் மாடித் தாழ்வாரத்தில் நின்றால் கொல்லை முழுதும் கண்ணில் படும்.

நான் அந்த மாடியறையில் கொஞ்சநேரம் நின்றேன். மாயவரத்துக்குக் கிழக்கே என் தாத்தா வீட்டுக்கு நாலு கட்டு. முன்வாசலில் ஒரு கூட்டம் வரும். கொல்லைவாசலில் வேறு கூட்டம் வந்து நிற்கும். அவர்களை முன்பக்கம் நான் பார்த்ததே கிடையாது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களுக்கென்று சட்டம் வந்தது 1952-ல்தான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. மனிதனை ஏலம் போட்டுப் பெயர்த்துக் கடல் கடத்தியது வேறு விஷயம். ஆனால் நெல் விளைகிற ஊரில் வீட்டின் அழகை முன்கட்டில் மட்டும் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குப் புதிதில்லை.

கூப்பர் ஆற்றங்கரையில் காட்ஸ்டன் துறை இருந்த இடத்தில், 2023 ஜூனில் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். நீண்டகால மேயர் ஜோசப் ரைலி இதை 2000-ல் அறிவித்தார். கட்டி முடிக்க இத்தனை காலம். 13 அடி உயரத்தில் 18 தூண்கள்மேல் நிற்கிறது, கீழே தரை முழுக்கத் திறந்தவெளி. மனிதர்கள் இறக்கப்பட்ட மண்ணின்மேல் கட்டடம் உட்காரக் கூடாது என்பதற்காக. ஆற்றோரத் தரையில் மனித உருவக் கோடுகள், அடிமைக் கப்பலின் தளத்தில் அடுக்கிப் படுக்கவைத்தபடி. வால்டர் ஹூட் என்ற நிலவடிவமைப்பாளரின் வேலை. வட அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய பத்தில் நாலு பேர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் என்று கணிக்கிறார்கள். 1808-ல் இறக்குமதி சட்டப்படி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய வருஷங்களில் கப்பல்கள் அவசர அவசரமாக வந்து குவிந்தன. விலை ஏறட்டும் என்று கிடங்குகளில் அடைத்துவைத்துப் பலர் குளிரில் செத்தார்கள்.

மேலே ஒரு கூடம் முழுக்க நெல். அங்கேதான் இவர் உட்கார்ந்துவிட்டார். அக்காலத்துச் செய்தித்தாள் விளம்பரங்களில், வந்திருக்கும் 'சரக்கு' ஆப்பிரிக்காவின் அரிசிக் கரையைச் சேர்ந்தது, நெல்வேலை தெரிந்தது என்று சிறப்பாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். சியரா லியோனின் பன்ஸ் தீவிலிருந்து வந்த கப்பல்களை இங்கே விற்றுக் கொடுத்த தரகர்களில் ஒருவர் ஹென்றி லாரன்ஸ். பின்னால் அமெரிக்கக் கண்டப் பேரவையின் தலைவரானவர். ஆப்பிரிக்கர்களின் நெல்லறிவுதான் கரோலினா நெல்சாகுபடிக்கு அடிப்படை என்று ஜூடித் கார்னி 2001-ல் புத்தகமே எழுதினார். அவ்வளவு தூரம் சொல்ல முடியாது என்று மறுத்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு. இவருக்கு அந்த விவாதத்தில் பொறுமையில்லை. "நெல்லு தெரிஞ்சவன சேத்துல இறக்கிட்டு, அவன் கையத்தான் வாங்கினோம், புத்திய வாங்கலங்கிறதா?" என்றார்.

அங்கிருந்து திரும்பும் வழியில் கல்ஹூன் தெருவில் இமானுவேல் தேவாலயம். வெள்ளைக் கோபுரம், 1891-ல் எழுப்பிய கட்டடம். இந்தச் சபையின் வேர் 1822-க்கும் முந்தையது. அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாக டென்மார்க் வீசி என்பவர் உட்பட 35 பேரை அந்த வருஷம் தூக்கிலிட்டார்கள். வீசி அங்கம் வகித்த ஆப்பிரிக்கத் தேவாலயத்தை இடித்தார்கள். 2015 ஜூன் 17 மாலை, இங்கே வேத வாசிப்புக்கு வந்து உட்கார்ந்த ஒரு வெள்ளை இளைஞன், தனக்கு இடம்கொடுத்தவர்களில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகர் கிளெமென்டா பிங்க்னியும் அதில் ஒருவர். அடிமைமுறையை நன்மை என்று வாதாடிய கல்ஹூனின் சிலை பக்கத்துச் சதுக்கத்தில் உயரத்தில் நின்றது. 2020 ஜூனில் இறக்கினார்கள். தெருவுக்குப் பெயர் இன்னும் அவருடையதுதான். தேவாலயத்தின் கதவு சாத்தியிருந்தது. படியில் யாரோ வைத்த பூக்கள்.

மறுநாள் வாடகைக் கார் பிடித்து, ஆஷ்லி ஆற்றோரமாக மேலே போய் மிடில்டன் தோட்டத்தைப் பார்த்தோம். 1741-ல் தொடங்கிய புல்வெளிப் படிக்கட்டுகள், வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற இரட்டைக் குளங்கள். வடக்குப் படை எரித்த மாளிகையில் ஒரு பக்கக் கட்டடம் மட்டும் மிச்சம். நான் பூந்தோட்டத்துக்குத் திரும்பினேன், இவரைக் காணோம். செயல்விளக்கத்துக்கென்று விட்டிருக்கும் சிறு நெல்வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். 'கரோலினா கோல்ட்' ரகம். உமியின் பொன்னிறத்தால் வந்த பெயர். கதிர் தலை சாய்ந்திருந்தது. நெடுங்காலம் இந்தக் கரைக்குச் சோறும் காசும் போட்ட ரகம், அடிமைமுறை போய், புயல்கள் கரைகளை உடைத்து, கனரக இயந்திரம் இந்தச் சேற்றில் இறங்காமல் சாகுபடி மேற்கே லூசியானா, அர்க்கன்சா என்று நகர்ந்தபின் அழிந்தே போயிற்று. 1980களில் ஒரு கண் மருத்துவர் தன் நிலத்துக்கு வாத்துகளை வரவழைக்க அரசு விதைச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் வாங்கிப் போட்டாராம், அதிலிருந்துதான் மறுபிறப்பு. இன்று சின்னப் பையில் கட்டி விற்கிறார்கள், கூடை விலைக்கு அக்கா தங்கை.

வரப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "இங்க வா, மதகப் பாரு."

கரையைக் குடைந்து போகும் நீளமான மரப்பெட்டி. இரு முனையிலும் மேலே கீல் வைத்துத் தொங்கும் கதவு. இந்த மாதிரி வயலுக்கு ஏரிப் பாசனம் கிடையாது. கடல் ஏறும்போது அது ஆற்று நீரை மேலே தள்ளும். நல்ல தண்ணீர் இலகு, உப்புத் தண்ணீர் கனம். மேலே மிதந்து வருகிற நல்ல தண்ணீரை மட்டும் வயலுக்கு வாங்க வேண்டும். வெளிக்கதவைத் தூக்கி வைத்தால், ஏறுகிற நீர் உள்கதவைத் தானே தள்ளித் திறந்து வயலுக்குள் பாயும். ஓதம் இறங்கும்போது வயல் தண்ணீரின் பாரமே உள்கதவைச் சாத்திவிடும். வடிக்க வேண்டுமென்றால் இதையே மாற்றிச் செய்ய வேண்டும். எந்த நாள், எந்த நாழிகை, தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று ருசி பார்த்துத் திறக்கத் தெரிந்த ஒரு அடிமைதான் ஒவ்வொரு தோட்டத்திலும் மதகுக்குப் பொறுப்பு. "நம்ம லஸ்கர் வேலை" என்றார் இவர், நம் ஊரில் மதகைத் திறந்து மூடுகிற ஊழியரை நினைத்து. "ஒரு மணி நேரம் தப்பா திறந்தா வருஷ வெள்ளாமை போச்சு. அத அவன நம்பி விட்டிருக்கான்." நாளுக்குக் கால் ஏக்கர் என்று அளந்துவிட்டு, முழங்கால் சேற்றில் நிறுத்தி வேலை வாங்கினார்கள். வெயில் காலம் வந்தால் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் குடும்பத்தோடு கடற்காற்று வாங்க நகரத்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நேற்றுப் பார்த்த அந்தத் தாழ்வாரங்கள் அதற்குத்தான். சைப்ரஸ் காட்டை வெட்டி, கரை போட்டு, மைல் கணக்கில் இந்த வயல்களை உண்டாக்கியவர்களுக்கு ஊர் மாறும் வசதி கிடையாது.

கிளம்பும் நாள் காலை, வானத்தில் ஒரு மேகமில்லை. ஆனால் விடுதிக்கு முன்னால் லாக்வுட் சாலையில் கணுக்கால் தண்ணீர். மழைநீர் வடிகாலின் மூடி வழியாகக் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. முழு ஓதம். பழைய ஓடைகளையும் சதுப்பையும் மேடாக்கித்தான் ஊரின் பல தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். கடல்மட்டம் ஏற ஏற, தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. பேட்டரியின் தாழ்ந்த மதிலை உயர்த்தியிருக்கிறார்கள். வடிகால் வாய்களில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஒருவழி வால்வுகளைப் பொருத்துகிறார்கள். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இவர் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கி, மஞ்சள் சட்டை போட்ட நகராட்சித் தொழிலாளி ஒருவரோடு கையாலேயே பேசிக்கொண்டிருந்தார். ஒரு உள்ளங்கையைக் கீல் போல ஆட்டி, இந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் மூடும் என்று காட்டினார். அந்த மனிதர் தலையாட்டி, அப்படித்தான் என்றார்.

"நேத்து மரத்துல பாத்தோமே, அதே கதவுதான். இப்ப ரப்பர்ல வாங்கி மாட்டறாங்க" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். மகன் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கடைமடையில் தான் போட்ட ரெகுலேட்டர் ஷட்டரில் கடல்தண்ணீர் எங்கே கசியும் என்று இவர் அந்தத் தொழிலாளிக்கு விளக்கி முடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று.